கிளாஸின் மேல் ஓர் அட்டை

1

கொலோனில் ஒருவர் தன் கிளாஸின் மேல் அட்டையை எடுத்து வைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். போதும், இனி ஊற்றாதே. ஆனால் வில்லி அன்று காலை கிளாஸைத் தொடவே இல்லை. ஊற்றியது ஊற்றியபடி நுரை அடங்கிக் கிடந்தது. அதன் மேல் அட்டையை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "வித்துட்டேன் சேகர்" என்றார்.

வில்லி என் முதலாளி. ஜெர்மனியில் ரைன் நதி ஓடும் இந்த ஊரில், பின்கட்டில் பீர் காய்ச்சி முன்கட்டில் ஊற்றும் சின்ன ப்ரூவரி அவருடையது. நான் அங்கே பீர் காய்ச்சுகிறவன். என் மகன் கவின் பிறந்த வருஷம் சேர்ந்தேன். அவனும் வளர்ந்துவிட்டான், நானும் அங்கேயே இருக்கிறேன்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில் முகம் சுளித்திருப்பீர்கள். சுளித்துக்கொள்ளுங்கள், எனக்குப் பழக்கம்தான். கல்யாண வீடுகளில் என் சொந்தக்காரர்கள் என்னை "ஜெர்மனில ஃபுட் கம்பெனி" என்றுதான் அறிமுகப்படுத்துகிறார்கள். மாமனார் மட்டும் "கெமிக்கல் லைன்" என்பார். அவருக்கு அது இன்னும் கௌரவமாகப் படுகிறது போலிருக்கிறது.

வாங்கியது பெரிய கம்பெனி. பேரும் லேபிளும் அப்படியே இருக்கும், முன்கட்டும் மேசை நாற்காலியும் இருக்கும். பீர் மட்டும் ஊருக்கு வெளியே அவர்களுடைய தொழிற்சாலையில் காய்ச்சி லாரியில் வரும். வாடிக்கைக்காரர்களுக்கு வித்தியாசமே தெரியாது என்று பேச வந்தவர் வில்லியிடம் சொன்னாராம். எனக்கு அங்கே பரிசோதனை லேபில் வேலை உண்டு என்றும் சொன்னார்களாம். கடைசிக் காய்ச்சல் ஏற்கெனவே தொட்டியில் ஆறிக்கொண்டிருந்தது. அதிலிருந்து நிரப்பும் கடைசிப் பீப்பாயை ஒரு சனிக்கிழமை திறப்பதாக முடிவானது.

அந்த வாரத்தில்தான் கவினுக்குப் பதினாறு முடிகிறது. இந்த நாட்டில் பதினாறு முடிந்தவர்கள் பீர் குடிக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. வில்லியின் வீட்டில் ஒரு வழக்கமும் உண்டு. வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் பதினாறு முடிந்ததும் பீப்பாய்க்குப் பக்கத்து மேசையில் அப்பாவோடோ அம்மாவோடோ உட்கார்ந்து முதல் கிளாஸைக் குடிப்பார்கள். கவின் சின்ன வயதிலிருந்து அந்த மேசையைப் பார்த்து வளர்ந்தவன்.

திதி வருஷா வருஷம் நகரும் இல்லையா, இந்த முறை என் அண்ணனுடைய திதியும் நகர்ந்து நகர்ந்து அதே சனிக்கிழமையில் வந்து உட்கார்ந்தது. அண்ணன் குடித்துச் செத்தவர்.

2

அட்டையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

இங்கே பீர் கிளாஸ் ரொம்பச் சின்னது. ஒல்லியாக, உயரமாக இருக்கும். அதற்குக் கீழே வைக்க ஒரு வட்ட அட்டை தருவார்கள். கிளாஸ் காலியானதும் யாரும் "இன்னொன்று வேண்டுமா" என்று கேட்கமாட்டார்கள். பரிமாறுகிறவர் அடுத்ததைக் கொண்டுவந்து வைத்து, அட்டையில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவார். நீங்கள் அட்டையை எடுத்துக் கிளாஸின் மேல் மூடுகிற வரைக்கும் வந்துகொண்டே இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்கு இது தெரியாது. வில்லியே ஊற்றினார். ஒன்று முடிந்து அடுத்தது வந்தபோது, நம் ஊர்ப் பந்தியில் செய்கிற மாதிரி கையைக் குறுக்கே நீட்டி, சிரித்துக்கொண்டே "போதும் போதும்" என்றேன். பந்தியில் அந்தச் சொல்லுக்கு என்ன மரியாதை என்று உங்களுக்கே தெரியும். பரிமாறுகிறவர் கையை விலக்கி இன்னொரு கரண்டி போடுவார். போடாவிட்டால்தான் நமக்கு மனக்குறை. இலையை மடிக்கிற வரைக்கும் யாரும் நம்புவதில்லை. வில்லியும் அப்படித்தான் உபசரிக்கிறார், மீதம் வைத்தால் மனம் நோவார் என்று ஒவ்வொன்றையும் அடிவரை குடித்தேன். வில்லி என்னடாவென்றால், இந்த இந்தியன் வாயால் போதும் என்கிறான், கிளாஸைத் திறந்தே வைத்திருக்கிறான் என்று ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். சாயங்காலம் என்னைக் கைத்தாங்கலாக டிராமில் ஏற்றி வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டவரும் அவர்தான். கைக்குழந்தையோடு கதவைத் திறந்த தேவி, அதாவது என் மனைவி, ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

மறுநாள் வில்லி என்னை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். "வாய் சொல்றதை நான் கேட்கமாட்டேன். குடிக்கிறதே அந்த வாய்தானே. அட்டை சொல்றதைத்தான் கேட்பேன்." இன்னொன்றும் சொன்னார். அடுத்தவர் கிளாஸின் மேல் யாரும் அட்டை வைக்கக் கூடாது. மனைவியானாலும் சரி, மகனானாலும் சரி. போதும் என்பது குடிக்கிறவன் தானாகச் சொல்ல வேண்டியது.

அதில் அவர் ரொம்பக் கண்டிப்பு. ஒருநாள் ஓர் அம்மாள் தன் கணவரின் கிளாஸை எட்டி மூடினார். வில்லி அந்த அட்டையை மரியாதையாக எடுத்துக் கிளாஸுக்குக் கீழே வைத்துவிட்டுப் போனார். தள்ளாடுகிறவர்களுக்குப் பீருக்குப் பதில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார். ஆனால் அட்டையை மட்டும் தொடமாட்டார்.

3

அணுபுரம் டவுன்ஷிப்பின் மதில் முடிகிற இடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் ஊர். அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். நாங்கள் அண்ணன் தம்பி இரண்டு பேரும் கம்பெனி வேலைக்குப் போனோம், அதுவும் ஒரே கம்பெனிக்கு. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பெரிய பீர் தொழிற்சாலை. பேர் எதற்கு? மணி அண்ணன் முதலில் போனார். நான் பி.எஸ்ஸி. முடித்ததும் சூப்பர்வைசரை விடாமல் நச்சரித்து எனக்கு லேபில் ஓரிடம் வாங்கிக் கொடுத்தார்.

அவருக்குப் பாட்டில் பார்க்கிற வேலை. கழுவி வரும் காலிப் பாட்டில்கள் பெல்ட்டில் வரிசையாக ஓடும். பின்னால் வெள்ளையாக எரியும் ஒரு விளக்குப் பலகை. அதற்கு எதிரே உட்கார்ந்து கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். அழுக்கு, விரிசல், உள்ளே ஒட்டிக்கொண்ட பீடித்துண்டு, எது தெரிந்தாலும் அந்தப் பாட்டிலை எடுத்துவிட வேண்டும். கொஞ்ச நேரம் தொடர்ந்து பார்த்தாலே கண் ஏமாற்றும் என்பதால் ஆளை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அண்ணன் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் பெருமையாக இருக்கும்.

அந்தக் கண் வேலை முடிந்தும் அவரை விடவில்லை. சாயங்காலம் கடையில் பாட்டிலை வாங்கியதும் நேரே திறக்கமாட்டார். ட்யூப்லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். கூட நிற்கிறவர்கள், "மச்சான், மணி பாஸ் பண்ணிட்டான், குடிக்கலாம்" என்று கிண்டல் பண்ணுவார்கள். அப்புறம் கடைக்குப் பின்னால் போய், சுவரைப் பார்த்து நின்று, அண்ணாந்து ஒரே தூக்கில் முடிப்பார். எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான் குடிப்பார்கள். சீக்கிரம் முடித்துவிட்டால் பார்க்கிறவர்கள் குறைவு, மானம் கொஞ்சம் மிஞ்சும் என்று நினைப்பு. பீரில் ஆரம்பித்து, நான் ஜெர்மனிக்குக் கிளம்பும்போது பிராந்திக்குப் போயிருந்தார்.

ஒரு லீவுக்குப் போனபோது எங்கள் ப்ரூவரி அட்டைகள் கொஞ்சம் கொண்டுபோய் அவருக்குக் கதை சொன்னேன். கிளாஸை மூடுகிற வரைக்கும் வந்துகொண்டே இருக்கும் என்றதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அந்த ஊர்ல நான் இருந்தா அட்டைய மென்னு துன்னுட்டு இருப்பேன்டா" என்றார். பிறகு ஓர் அட்டையை எடுத்துத் தலைமாட்டில் இருந்த தண்ணீர்ச் சொம்பின் மேல் வைத்தார். அளவு சரியாக இருந்தது.

கண் மஞ்சளாகிப் போய் அவரைச் செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தபோது நான் இங்கே இருந்தேன். அண்ணி வாட்ஸப்பில் காட்டினார். வெளிச்சம் போதவில்லை, அவர் முகத்தை விளக்குப் பக்கம் திருப்பச் சொன்னேன். அண்ணன் தானே மெல்லத் திரும்பி, "நல்லா பாருடா, விரிசல் எதுனா கீதா?" என்றார். டிக்கெட் கிடைத்து நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து நான் குடிப்பதில்லை. தொட்டியில் இருப்பதை ருசி பார்க்க ஒரு வாய் மட்டும், அது வேலை. முன்கட்டில் உட்கார்ந்தால் கிளாஸ் வந்த உடனே அட்டையால் மூடிவிடுவேன். வில்லி ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை.

4

சின்ன ப்ரூவரி நல்லது, பெரிய கம்பெனி மோசம் என்று எழுதினால் இங்கே என் நண்பர்கள் கை தட்டுவார்கள். கிராஃப்ட் பீர் பிரியர்கள் அவர்கள். பெரிய கம்பெனிப் பீரை மோந்து பார்த்து மூக்கைச் சுருக்குவார்கள். எனக்கு எரிச்சலாக வரும். அந்தப் பீருக்குத் திறமை வேண்டாமா? செங்கல்பட்டு லேபில் எங்களுக்கு இருந்த ஒரே சட்டம், நேற்றிருந்த மாதிரியே இன்றும் இருக்க வேண்டும் என்பதுதான். கோடையில் தண்ணீர் உப்பேறும், மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லி, லோடுக்கு லோடு மாறும், கரண்ட் போகும். பாட்டிலுக்குள் மட்டும் எதுவும் மாறக் கூடாது. அதைச் செய்தோம். வில்லியிடமோ ஈஸ்ட் கெட்டுப்போய் ஒரு தொட்டி முழுவதையும் சாக்கடையில் விட்ட நாள் உண்டு. அன்றைக்கு அவர் அழுதார்.

நம் ஊரில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. எனக்குத் தெரிந்து நம் மாநிலத்தில் சின்னதாகக் காய்ச்சி விற்க வழி கிடையாது. அரசாங்கக் கடையில் அன்றைக்கு எது வந்திருக்கிறதோ அதுதான். கம்பிக்கு வெளியே நின்றுகொண்டு, இதை யார் காய்ச்சினார்கள் என்று கேட்டால் பின்னால் நிற்கிறவர்கள் அடிக்க வருவார்கள். "கூலிங் கீதா?" என்ற ஒரு கேள்விதான் கேட்கலாம்.

ஈரலுக்குச் சின்னது பெரியது தெரியாது. இதை என் கிராஃப்ட் நண்பர்கள் ஒத்துக்கொள்வதில்லை, நல்ல பீர் நல்லபடியாக இறங்கும் என்பார்கள். இங்கேயும் குடித்துக் குடும்பம் அழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். வில்லி தான் ஊற்றுகிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்ப்பார். போன வாரம் வந்தவர் இந்த வாரம் ஏன் வரவில்லை என்று கேட்பார். செங்கல்பட்டு லேபில் நான் பீரைத்தான் பார்த்தேன். அதைக் குடிக்கிறவர்களைப் பார்த்ததில்லை, அண்ணனைத் தவிர.

அந்த லேபுக்குத்தான் இப்போது திரும்பப் போகிறேன், வேறு நாட்டில் வேறு பேரில். வெள்ளைக் கோட்டு எடுக்க அளவு கேட்டு ஆள் வந்தது. கொடுத்தேன். வீட்டு வாடகை இருக்கிறது, கவின் படிப்பு இருக்கிறது.

இந்த வேலையை வைத்துக்கொண்டு அலுவலகங்களில் நான் பட்டதை ஒரு தனிப் புத்தகமாகவே எழுதலாம். குடியுரிமைக்குப் போனபோது, கோப்பில் ஏதோ ஒரு தாள் குறைகிறது என்று மூன்று தடவை திருப்பி அனுப்பிய அம்மாள், நாலாம் தடவை தொழில் என்ற இடத்தைப் பார்த்துவிட்டு முதன்முதலாகச் சிரித்தார். "பீர் காய்ச்சுகிறவரா? இதை முதலிலேயே சொல்லக் கூடாதா?" என்று கை கொடுத்தார். இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கப் போன இடத்தில் நம் ஆள் ஒருவர் அதே இடத்தைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "சார், வேற எதுனா போட்டிருக்கலாமே" என்றார். அவர் கெட்டவர் இல்லை. என் மேல் அக்கறையாகத்தான் சொன்னார்.

5

கவினுக்குத் தமிழ் புரியும், பேசவும் செய்வான். ஆனால் கோபம் வந்தால் ஜெர்மனுக்குப் போய்விடுவான். அவன் சண்டை போடுகிற மொழியில் என்னால் வேகமாகச் சண்டை போட முடியாது. அதனால் எங்கள் வீட்டில் பெரும்பாலான சண்டைகளில் நான் தோற்றுப்போகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவனை ஊருக்குக் கூட்டிப்போயிருந்தேன். மாமல்லபுரம் பார்த்துவிட்டு முட்டுக்காட்டில் படகு ஏறலாம் என்று போகும் வழியில், ஒரு கடைக்குப் பின்னால் ஆண்கள் வரிசையாகச் சுவரைப் பார்த்து நின்று அண்ணாந்துகொண்டிருந்தார்கள். கவின் காரை விட்டு இறங்கும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தான். "ஏன்பா அவங்க எல்லாம் சுவரப் பாத்து நிக்கிறாங்க? பனிஷ்மென்ட்டா?" என்று கேட்டான். டிரைவர் சிரித்துவிட்டார். பெரியப்பா எப்படிச் செத்தார் என்று அன்றைக்குத்தான் அவனிடம் முழுசாகச் சொன்னேன்.

அவனுக்கு எல்லாம் தெரியும் என்பதால்தான், வில்லி விற்ற செய்தியைச் சொன்ன அன்று அவன் கேட்டது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"அப்பா, அந்தச் சனிக்கிழமை நான் அந்த மேசையில உக்காரணும்."

"அடுத்த வருஷம் பாக்கலாம்டா."

"அடுத்த வருஷம் உன் பியர் இருக்காது. பேரு மட்டும் இருக்கும். எனக்குப் பியர் வேணும்னு இல்லப்பா. நீ பண்ணினது எப்படி இருக்கும்னு தெரியணும். இத்தன வருஷம் அந்த வாசனையோடதான் நீ வீட்டுக்கு வர்ற."

தேவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். அவன் அறைக்குள் போன பிறகுதான் பேசினாள்.

"உங்க குடும்பத்துல இதுக்கு ஒரு ஆள் போனது பத்தாதா?"

"நாளைக்கு இவன் ஃப்ரெண்டுங்களோட எங்கனா போய்க் குடிக்கத்தான் போறான். அப்ப பரவால்லியா?"

"எங்கனா குடிக்கட்டும். உங்க கையால ஊத்தாதீங்க."

அண்ணனுடைய ரத்தம்தானே அவன் உடம்பிலும் ஓடுகிறது என்ற பயம் அவளுக்கு இருப்பதைவிட எனக்கு அதிகம். ஒரு கிளாஸில் என்ன ஆகிவிடும் என்று நினைப்பேன். அண்ணனும் ஒரு கிளாஸில்தானே ஆரம்பித்திருப்பார் என்று உடனே தோன்றும். வேண்டாம் என்று சொன்னால் அவன் கேட்டுக்கொள்வான், ஆனால் அதற்குப் பிறகு என்னிடம் எதையும் கேட்கமாட்டான். அதுவும் எனக்குத் தெரியும். பதினாறு வயதுப் பிள்ளை இந்த ஊரில் அப்பாவிடம் ஒன்றைக் கேட்டு நிற்பதே பெரிய விஷயம்.

6

செல்வி அண்ணி அணுபுரத்தில் ஒரு பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா வேலை பார்க்கிறார். காலை வேன் ஓட்டம் முடிந்து அவர் வீட்டுக்கு வரும் நேரத்துக்கு, இங்கே விடிந்தும் விடியாத வேளையில் போன் போட்டேன். திதிக்கு என்னென்ன ஏற்பாடு என்று கேட்கத்தான் போட்டேன். ஆனால் அவரிடம் அனுமதி கேட்காமல் கவினை அந்த மேசையில் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"இன்னா சேகரு, இந்நேரத்துல? வூட்ல எல்லாம் நல்லா கீறாங்களா?"

"நல்லா இருக்கோம் அண்ணி. சனிக்கிழமை படையலுக்கு இன்னா பண்றீங்க?"

"இன்னா பண்றது. கறி, மீனு, முட்ட, வடை. அந்த பாட்டிலு பேஜாருதான் இன்னும் ஓடிக்கினு கீது."

பாட்டில் விஷயம் எல்லா வருஷமும் உள்ளதுதான். செத்தவருக்குப் பிடித்ததை இலையில் வைக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பங்காளிகள் கூடி ஒரு பீர் பாட்டில் வாங்கிவந்து அண்ணன் படத்துக்கு முன்னால் வைப்பார்கள். கற்பூரம் காட்டியதும் அதை எடுத்துக்கொண்டு தோப்புப் பக்கம் போய்விடுவார்கள். படத்துக்கு முன்னால் இருந்த அந்தப் பாட்டிலை அவர்கள் ட்யூப்லைட்டில் தூக்கிப் பார்த்து, "மணி பாஸ் பண்ணிட்டான்" என்று சிரித்ததை ஒரு வருஷம் அண்ணி கேட்டுவிட்டார்.

"அவர சாவடிச்சத அவருக்கே வெச்சுக் கும்புடச் சொல்றானுங்க. இந்த வருஷம் வெக்க வுடமாட்டேன். யாரு கோச்சுக்கினாலும் சரி."

இதற்கு மேல் எப்படிக் கேட்பது? ஆனாலும் கேட்டேன். கவினைப் பற்றி, மேசையைப் பற்றி, கடைசிப் பீப்பாயைப் பற்றி எல்லாம் சொன்னேன். அந்தப் பக்கம் சேவல் ஒன்று கூவியது.

"எங்கிட்ட இன்னாத்துக்குக் கேக்கற?"

"உங்ககிட்ட கேக்காம செய்ய மனசு வரல அண்ணி."

"எத்தினி வருஷமா ஊர்ல கீறவங்களுக்கெல்லாம் காச்சி ஊத்திக்கினு கீற. அவங்க வூட்டுப் பொம்பளைங்ககிட்ட கேட்டியா? ஒம் புள்ளன்னதும் கேக்கற."

கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு முகம் எரிந்தது. போனை வைத்துவிடலாமா என்று நினைத்தபோது அவரே திரும்பப் பேசினார்.

"இத பாரு சேகரு. அவரு மொத மொதல்ல எப்பக் குடிச்சாரு, யாரு கூட நின்னாங்க, எனக்குத் தெரியாது. ஒனக்கும் தெரியாது. எங்கியோ ஒரு செவுத்துக்குப் பின்னாடி நடந்திருக்கும். குடிக்காதன்னு நான் சொன்னா நிக்குமா? நின்னுதா? பக்கத்துல இரு. அவ்ளோதான் நான் சொல்லுவேன்."

தேவியிடம் அதை அப்படியே சொன்னேன். சனிக்கிழமை அவளே கவினுக்கு ஒரு சட்டையை எடுத்து இஸ்திரி போட்டு வைத்தாள்.

7

சனிக்கிழமை காலை அண்ணியிடமிருந்து படம் வந்தது. படையல் இலை, அண்ணன் படம், மாலை. கறியும் மீனும் முட்டையும் வடையும் இருந்தன. பாட்டில் இல்லை. அந்த இடத்தில் ஒரு தண்ணீர்ச் சொம்பு இருந்தது. அதன் மேல், ஓரம் நைந்து சாயம் போன எங்கள் ப்ரூவரி அட்டை. கீழே குரல் செய்தி அனுப்பியிருந்தார். "பங்காளிங்க எல்லாம் துன்னாமப் பூட்டானுங்க. பூவட்டும். சோறு நெறைய கீது, வேன் புள்ளைங்களுக்குக் குடுத்துட்டேன்."

அந்தப் படத்தை அன்று முழுவதும் எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

சாயங்காலம் முன்கட்டு நிறைந்திருந்தது. பழைய வாடிக்கைக்காரர்கள் நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள், சாவு வீட்டுக்கு வருகிற மாதிரி. வில்லி பீப்பாயில் குழாயை அடித்து இறக்கினார். யாரும் கை தட்டவில்லை. முதல் இரண்டு கிளாஸை எங்கள் மேசைக்குக் கொண்டுவந்து, ஒன்றைக் கவின் முன்னாலும் ஒன்றை என் முன்னாலும் வைத்தார். கவினோடு கை குலுக்கி, பெரியவர்களை அழைப்பது போல "ஹெர் கவின்" என்றார். என் பக்கம் திரும்பி, வழக்கம்போல நான் அட்டையை எடுத்து மூடுவேன் என்று கொஞ்சம் காத்திருந்தார். நான் எடுக்கவில்லை. அவர் நகர்ந்தார்.

கவின் கிளாஸை எடுத்ததும் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தான். நான் சொன்ன கதையை நினைத்துச் செய்தானா, சும்மா நிறம் பார்த்தானா, தெரியவில்லை. பிறகு ஒரு வாய் குடித்தான்.

"கசக்குதுப்பா."

"கசக்கும்."

"அப்புறம் ரொட்டி மாதிரி ஏதோ வருது."

"அது மால்ட்டு."

"நீ வீட்டுக்கு வர்றப்ப வர்ற வாசன இதுதான்" என்றான். அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது, இத்தனை வருஷம் நான் என்ன செய்தேன் என்பதை ஒரு மனிதருக்காவது காட்டிவிட்டேன் என்று இருந்தது. நானும் குடித்தேன். பல வருஷத்துக்குப் பிறகு முழு கிளாஸ். நன்றாக இருந்தது. என் பீர் என்பதற்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே நன்றாக இருந்தது.

கவின் அந்த ஒரு கிளாஸை ரொம்ப நேரம் வைத்துக் குடித்தான். நான் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது காலியாகும், வில்லி எப்போது வருவார், இவன் என்ன செய்வான் என்று அந்த ஒரே நினைப்பு. வில்லி தட்டோடு வந்தபோது என் கை தானாக அட்டைப் பக்கம் போனது. வழக்கம் ஞாபகம் வந்து கையை மேசைக்குக் கீழே இறக்கி முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். கவின் தன் அட்டையை எடுத்துத் தன் கிளாஸின் மேல் வைத்தான். எந்த ஆர்ப்பாட்டமும் இல்லை, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைப்பது போல வைத்தான். வில்லி தலையசைத்தார்.

எனக்குள் கட்டியிருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்தது. கண் கலங்கியது. வில்லி என் முன்னால் அடுத்ததை வைத்தார், குடித்தேன். அதற்கடுத்ததையும் குடித்தேன். அண்ணனைப் பற்றிக் கவினிடம் சொல்ல ஆரம்பித்தேன். சூப்பர்வைசர் வீட்டு வாசலில் எனக்காக அவர் போய் நின்றது, சொம்பின் மேல் அட்டை வைத்தது, "விரிசல் எதுனா கீதா" என்றது. சொன்னதையே திரும்பச் சொன்னேன் போலிருக்கிறது. அட்டையில் கோடுகள் ஏறிக்கொண்டிருந்தன. கடைசிப் பீப்பாய், இனி இது கிடையாது, இன்றைக்கு ஒரு நாள்தானே என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அண்ணனும் ஒவ்வொரு சாயங்காலமும் இதைத்தான் நினைத்திருப்பார் என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

வில்லி மறுபடி தட்டோடு வந்தார். நான் கிளாஸை அவர் பக்கம் நகர்த்தினேன்.

கவின் கையை நீட்டி என் அட்டையை உருவி எடுத்தான். என் கிளாஸின் மேல் வைத்து, அதன் மேல் தன் உள்ளங்கையையும் வைத்துக்கொண்டான்.

அக்கம்பக்கத்து மேசைகளில் பேச்சு நின்றது. அந்த வீட்டில் அது கூடாத காரியம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். கவினுக்கும் தெரியும், அங்கேயே வளர்ந்த பிள்ளை. அவன் வில்லியை நேராகப் பார்த்தான். கையை எடுக்கவில்லை. வில்லி அந்த அட்டையையும் அவன் கையையும் பார்த்தார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார்.

"போதும்பா" என்றான் கவின், தமிழில். "வா, வீட்டுக்குப் போலாம்."

டிராமில் என்னை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தான். பக்கத்தில் இரு என்று அண்ணி சொன்னது எனக்கு என்று நினைத்துக்கொண்டுதான் நான் போயிருந்தேன்.